தொப்பூர் ஏற்றம் வந்தாலே சிவப்புக்குப் போகும் ஊசி

வெயில் ஏற ஆரம்பித்ததும் நமக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் "வண்டி ஹீட் ஆகிறது" என்றுதான் தொடங்குகின்றன. இந்த முறை ஐந்து கேள்விகளை எடுத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் நீளம். அதில் நடந்திருப்பது சங்ககிரி, சேலம், நாமக்கல் பக்கம் பழைய லாரி வைத்திருக்கும் நிறைய பேருக்கு இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது, அதற்காகப் பணத்தைக் கொட்டிக்கொண்டும் இருக்கிறார்கள்.

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னிடம் இருப்பது 2005 மாடல் பத்து சக்கர லாரி, ஆறு சிலிண்டர், டர்போ இன்டர்கூலர். நேஷனல் பெர்மிட் வயது முடிந்துவிட்டதால் இப்போது தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட்டுகிறோம், பெரும்பாலும் சங்ககிரியிலிருந்து தர்மபுரி, ஓசூர் பக்கம் சிமென்ட் லோடு. ஓமலூர், தீவட்டிப்பட்டி வரை டெம்பரேச்சர் ஊசி அசையாது. தொப்பூர் ஏற்றத்தில் பாதி ஏறுவதற்குள் சிவப்புக்குப் போய்விடுகிறது. ரேடியேட்டருக்குப் புது கோர் (டியூபும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதி) போட்டாயிற்று, வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் காலி வண்டியில் ஊசி கால்வாசிக்கு மேல் ஏறுவதே இல்லை, ஆனால் லோடு ஏற்றினால் பழைய கதைதான். டிரிப்புக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் குறைகிறது, கீழே எங்கேயும் சொட்டுவதில்லை. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. இப்போது எஞ்சின் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடியை) இறக்கிப் பார்க்கலாம் என்கிறார்கள். இறக்கலாமா? (லாரி உரிமையாளர், சங்ககிரி)

பதில்: வணக்கம் தம்பி. ஹெட்டை இப்போது இறக்க வேண்டாம். கடைசியில் இறக்க வேண்டிய நிலை வந்தாலும் வரலாம், ஆனால் அதற்கு முன்னால் செலவே இல்லாமல் பார்த்துவிடக்கூடிய நாலைந்து விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. கோர் மாற்றினார்கள், பம்ப் மாற்றினார்கள், தெர்மோஸ்டாட்டை எடுத்தார்கள். எப்போது ஹீட் ஆகிறது, குறையும் தண்ணீர் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஹீட் பிரச்சினையில் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு பொருளாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான்.

எப்போது என்பதை முதலில் பார்ப்போம். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் ஹீட் ஆனால் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அப்போது காற்றை இழுக்க ஃபேனைத் தவிர வேறு எதுவும் இல்லை. சமதரையில் நல்ல வேகத்தில் போகும்போது ஹீட் ஆனால் காற்று தாராளமாக வருகிறது, தண்ணீர்தான் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம். காலையில் ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால் சிலிண்டரின் அழுத்தம் தண்ணீருக்குள் வருகிறது. உங்கள் வண்டி லோடோடு ஏற்றத்தில் மட்டும் ஹீட் ஆகிறது. டீசல் எரியும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கப் பயன்படுகிறது, மீதியில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் தண்ணீர் வழியாகவும் வெப்பமாக வெளியே போக வேண்டும். தொப்பூரில் ஆக்சிலரேட்டர் முழுசாக மிதித்திருக்கும், வண்டியோ பதினைந்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும், எதிர்க்காற்று இல்லை. கூலிங் சிஸ்டத்தில் எந்த இடத்தில் பத்து சதவீதம் குறை இருந்தாலும் அது தெரியவரும் இடம் இதுதான். சமதரையில் ஊசி அசையவில்லை என்பதை வைத்து சிஸ்டம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பொறுத்துத் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லுவேன்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வைத்தியம் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகப் பம்ப்புக்கே திரும்பும். சூடு ஏறித் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, நிறைய எஞ்சின்களில் அதன் அடியில் இருக்கும் ஒரு சின்னத் தட்டு இறங்கி அந்த பைபாஸ் துவாரத்தை அடைக்கும், அப்போதுதான் மொத்தத் தண்ணீரும் ரேடியேட்டருக்குப் போகும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் அந்தத் துவாரத்தை அடைக்க ஆள் இல்லை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் திரும்ப எஞ்சினுக்குள் போய்க்கொண்டே இருக்கும். காலி வண்டியில் ஊசி ஏறவே இல்லை, லோடில் சிவப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தக் கோளாறு இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கும். தவிர எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடினால் டீசல் அதிகம் குடிக்கும், ஸ்லீவும் (பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாய்) பிஸ்டன் ரிங்கும் சீக்கிரம் தேயும். உங்கள் எஞ்சினுக்கு உரிய தெர்மோஸ்டாட்டை வாங்குங்கள், தட்டு இருக்கிற மாடலுக்குத் தட்டு இருக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள். பொருத்துவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடி தொடாமல் கயிற்றில் தொங்கவிட்டு, கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வைத்துச் சூடாக்குங்கள். அதன் மேல் அடித்திருக்கும் எண், பெரும்பாலும் 80க்குப் பக்கத்தில் இருக்கும், அந்தச் சூட்டில் வாய் திறக்க ஆரம்பித்து, இன்னும் பத்து பன்னிரண்டு டிகிரி ஏறுவதற்குள் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். புதுசு என்பதற்காகச் சோதிக்காமல் போடாதீர்கள்.

அப்புறம் ஃபேன். கோர் மாற்றினோம் என்று சொன்னீர்கள், மாற்றியவர்கள் ஃபேன் கவரைத் திரும்பப் போட்டார்களா? ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் வளையமாக இருக்குமே, அது. கழற்றி மாட்டுவது சிரமம் என்று பல இடங்களில் அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள், அல்லது உடைந்த கவரைக் கம்பி வைத்துக் கட்டியிருப்பார்கள். கவர் இல்லாத ஃபேன் தன்னைச் சுற்றி இருக்கும் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும், ரேடியேட்டரின் நான்கு மூலையிலும் காற்று நுழையாது. சமதரையில் வண்டி ஓடும் வேகத்திலேயே காற்று வந்துவிடுவதால் இது தெரியாது, தொப்பூரில் தெரியும். கவருக்குள் இறக்கையின் பாதிக்கு மேல் போயிருக்க வேண்டும், சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். திருப்பி மாட்டினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் இழுவை நன்றாகக் குறைந்துவிடும். சூடானால்தான் இறுகிப் பிடித்துச் சுழலும் விஸ்கஸ் ஃபேன் என்றால், எஞ்சின் நன்றாகச் சூடேறி நிறுத்தியவுடன், சாவியை எடுத்துவிட்டுக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பிடித்துக்கொண்டு கனமாகச் சுற்றினால் நல்லது, சைக்கிள் சக்கரம் மாதிரி விட்டுச் சுழன்றால் அது செத்துவிட்டது. பெல்ட் இறுக்கமாக இருந்தால் மட்டும் போதாது, உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பாகிவிட்ட பெல்ட் லோடில் வழுக்கும்.

டர்போ காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும், நடுவில் வைக்கோல், பூச்சி, மண் எல்லாம் ஆயில் பிசுக்கோடு சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். மாக்னசைட் ஏற்றும் வண்டிகளில் வெள்ளைப் பொடி சிமென்ட் மாதிரி இறுகி நிற்பதை எத்தனையோ முறை சுரண்டி எடுத்திருக்கிறேன், சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்குச் சக்கை, அடிக்கும் வண்டிகளும் அப்படித்தான். நீங்கள் ஏற்றுவது சிமென்ட், அதனால் கட்டாயம் பாருங்கள். சோப்புத் தண்ணீர் ஊறவிட்டு, ஃபேன் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெதுவான அழுத்தத்தில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் குழாயைக் கிட்டத்தில் பிடித்தால் ஃபின் எல்லாம் படுத்துவிடும்.

கீழ் ஹோஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் பட்டறைக்கு ஒரு ஆறு சக்கர வண்டி வந்தது. ஐட்லிங்கில் எவ்வளவு நேரம் விட்டாலும் ஒன்றும் ஆகாது, ரோட்டில் ஏறினால் கொதிக்கும். நானும் கூட இருந்தவர்களும் ஒரு நாள் முழுக்கத் தேடினோம். சாயங்காலம் ஒரு பையனை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தபோது, கீழ் ஹோஸ் பம்ப்பின் உறிஞ்சலில் சப்பாத்தி மாதிரி தட்டையாக ஒட்டிக்கொண்டது, காலை எடுத்ததும் பழையபடி உருண்டுகொண்டது. உள்ளே இருக்க வேண்டிய கம்பிச் சுருள் துருப்பிடித்து எப்போதோ போய்விட்டிருந்தது. அந்த வண்டிக்காரர் அதற்குள் ரேடியேட்டரை இரண்டு முறை மாற்றியிருந்தார். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேஸ் கொடுத்துக் கீழ் ஹோஸைப் பாருங்கள், கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது அந்த மூன்று நான்கு லிட்டர் தண்ணீர். கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான். சொட்டவில்லை, ஆயிலிலும் இல்லை, அப்படியானால் இரண்டே வழிதான்: ஒன்று மூடி வழியாக ஓவர்ஃப்ளோ குழாயில் வெளியே தள்ளப்படுகிறது, இல்லை சிலிண்டருக்குள் போய்ப் புகையாகிறது. ஓவர்ஃப்ளோ குழாயின் முனையை ஒரு காலி ஐந்து லிட்டர் கேனுக்குள் விட்டுக் கட்டிவிட்டு, லோடோடு ஒரு முறை தொப்பூர் ஏறி இறங்குங்கள். கேனில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அது வெளியே தள்ளப்படுகிறது. கேன் காய்ந்திருந்து ரேடியேட்டரில் குறைந்திருந்தால் உள்ளே போகிறது. பத்து பைசா செலவில்லாத சோதனை இது, ஆனாலும் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேனில் தண்ணீர் வந்தால் அதைத் தள்ளுவது வெறும் கொதிப்பா அல்லது காற்றா என்று பார்க்க வேண்டும். காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, பம்ப் சுற்றாமல் இருக்கப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் குமிழி தொடர்ந்து வந்தால் எங்கிருந்தோ காற்று நுழைகிறது. உடனே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடு) போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஏனென்றால் லாரியில் காற்று நுழைய இன்னொரு வழியும் இருக்கிறது: ஏர் பிரேக் கம்ப்ரஸர். பெரும்பாலான வண்டிகளில் அதன் ஹெட்டுக்கும் எஞ்சின் தண்ணீர்தான் போய் வருகிறது. அங்கே கேஸ்கெட் போனால் ஏழெட்டு கிலோ அழுத்தத்தில் காற்று நேராகத் தண்ணீருக்குள் இறங்கும், ஹெட் கேஸ்கெட் போன வண்டியில் என்னென்ன தெரியுமோ அத்தனையும் தெரியும். ஹெட்டை இரண்டு முறை இறக்கி, பிளேன் செய்து, புது கேஸ்கெட் போட்டும் நிற்காத ஒரு பத்து சக்கர வண்டி எங்களிடம் வந்தது, கம்ப்ரஸரின் தண்ணீர்க் குழாய் இரண்டையும் கழற்றி, எஞ்சின் பக்கத்து முனைகளை அடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம், குமிழி அந்த நிமிஷமே நின்றது. அந்த உரிமையாளர் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சில நிமிஷச் சோதனைக்கு மட்டும்தான் அப்படி ஓட்டலாம், அதோடு ரோட்டுக்குப் போகக் கூடாது. கம்ப்ரஸரைத் தனியாக்கிய பிறகும் குமிழி வந்தால், அல்லது ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ நிறம் மாறினால், அப்போது ஹெட்டை இறக்குங்கள். இறக்கினால் ஸ்லீவ் ஒவ்வொன்றும் பிளாக் மட்டத்துக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று டயல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்லீவ் தாழ்ந்திருந்தாலும் எவ்வளவு நல்ல கேஸ்கெட் போட்டாலும் லோடில் மறுபடியும் ஊதும்.

ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தள்ளினால் டீசல் பம்ப்பைப் பெஞ்சில் வைத்து அளக்க வேண்டும். இழுவை போதவில்லை என்று யாராவது டீசலை ஏற்றி வைத்திருந்தால் உங்கள் ரேடியேட்டர் தாங்கக்கூடிய வெப்பத்துக்கு மேல் உள்ளே எரிகிறது. ஏர் ஃபில்டரையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

டிரைவர் அண்ணனிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வாட்டர் பம்ப்பும் ஃபேனும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகின்றன. பெரிய கியரிலேயே இழுத்துக்கொண்டு, எஞ்சின் திணறத் திணற ஏறினால், உள்ளே டீசல் முழுசாக எரிகிறது, பம்ப்பும் ஃபேனும் பாதி வேகத்தில் சுற்றுகின்றன. திணற ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒரு கியர் குறைத்துவிட்டால் அதே ஏற்றத்தில் ஊசி ஒரு கோடு கீழே நிற்கும். டீசல் மிச்சம் என்று நினைத்துத்தான் பலர் பெரிய கியரை விட மறுக்கிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் எடுத்துச் சொன்னதில்லை. மீறிச் சிவப்புக்குப் போய்விட்டால் ஓரங்கட்டி, தண்ணீர் இருக்கிறது என்றால் எஞ்சினை உடனே நிறுத்தாமல் ஐட்லிங்குக்குக் கொஞ்சம் மேலே வைத்து நாலைந்து நிமிஷம் ஓட விடுங்கள். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போய்விட்டது என்றால் மட்டும் உடனே நிறுத்த வேண்டும். மூடியைத் தொடவே கூடாது. முகமும் கையும் வெந்துபோன டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, கையில் பிடித்து அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஆயிரம் ரூபாய் சுமாரில் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள். ஏற்றத்தில் நிறுத்தியவுடன் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ரேடியேட்டர் முகத்தில் ஏழெட்டு இடம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது தப்பாகக் காட்டும், கறுப்பு ரப்பர் மேல் அல்லது பெயின்ட் அடித்த இடத்தில் பிடியுங்கள். ரேடியேட்டரில் ஒரு பக்கம் மட்டும் நன்றாகக் குளிர்ந்திருந்தால் அங்கே டியூப் அடைத்திருக்கிறது, புது கோராக இருந்தாலும்தான், எஞ்சினுக்குள் இருந்த துரு முழுக்க இப்போது புது கோரில் வந்து உட்கார்ந்திருக்கலாம். மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால் காற்று போதவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. இந்த எண்களும் கேன் சோதனையின் முடிவும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் மேலே பேசுவோம்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் பழைய ஆறு சக்கர லாரி வைத்திருக்கிறோம். சேலத்திலிருந்து ஜல்லி, சிமென்ட் ஏற்றிக் குப்பனூர் வழியாக மேலே வருவோம். ஊசி சிவப்பைத் தொடுவதே இல்லை, ஆனால் மேலே வந்து சேர்ந்ததும் தண்ணீர் கொதித்து ஓவர்ஃப்ளோவில் கொட்டுகிறது. கீழே சேலத்தில் எவ்வளவு ஓட்டினாலும் இப்படி ஆவதில்லை. மலைக்கு வந்தால் குளிர்ச்சிதானே, எதனால் கொதிக்கிறது? (வாசகர், ஏற்காடு)

பதில்: குளிர்ச்சிதான், ஆனால் உயரமும் கூட. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒரு டிகிரி குறையும், அதனால் உங்கள் ஊரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேக மலையில் நேரமாகிறது என்று வீட்டில் சொல்வார்களே, அதே காரணம்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, அதுதான் உங்கள் வண்டியின் குக்கர் வெயிட். அரை கிலோ அழுத்தம் தாங்கும் மூடி ஒழுங்காக இருந்தால் ஏற்காட்டிலும் 108 டிகிரி பக்கம் போனால்தான் தண்ணீர் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது, 95இல் கொதிக்க ஆரம்பித்துவிடும். லோடோடு அத்தனை வளைவும் ஏறி வந்த எஞ்சின் 90க்கு மேல் இருப்பது சாதாரணம், அது ஹீட்டே கிடையாது. அதனால்தான் ஊசி சிவப்பைத் தொடாமலேயே கொட்டுகிறது. சேலத்தில் அதே செத்த மூடியோடு 100 டிகிரி வரை தாங்கிவிடுகிறது, நீங்களும் கவனிக்காமல் விட்டுவிடுகிறீர்கள்.

மூடியை மாற்றுங்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு அழுத்தம் என்று பழைய மூடியிலேயே அடித்திருக்கும், அல்லது கையேட்டில் இருக்கும், அதே எண்ணில் வாங்குங்கள். கூடுதல் அழுத்த மூடி போட்டால் நல்லதுதானே என்று ஒரு எண்ணம் இருக்கிறது, பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றும் ஹீட்டர் ஹோஸும் அதைத் தாங்காது. மூடி உட்காரும் கழுத்து நசுங்கியிருந்தால் புது மூடியும் பிடிக்காது, விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். மூடியில் இரண்டாவது சின்ன வால்வு ஒன்று நடுவில் இருக்கும், எஞ்சின் ஆறும்போது தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்க. அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப் போய்க் கிடக்கும். அப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

கேள்வி: அண்ணா, நான் டிரைவர். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் எஞ்சின் ஆறும், அடுத்த நடைக்கு ஹீட் ஆகாது என்று கூட ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். சரியா? (டிரைவர், அயோத்தியாபட்டணம்)

பதில்: தம்பி, தயவு செய்து அப்படி இறங்காதே. எஞ்சின் ஆறும் என்கிற கணக்கே தப்பு. கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது, பழைய டீசல் பம்ப்பிலும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை நிறுத்திவிடும், உள்ளே எதுவும் எரியாது. அதே நேரம் சக்கரம் எஞ்சினைச் சுற்றுவதால் வாட்டர் பம்ப்பும் ஃபேனும் நல்ல வேகத்தில் ஓடுகின்றன. எரிவது இல்லை, குளிர்விப்பது முழு வேகம். நியூட்ரலில் எஞ்சின் ஐட்லிங்கில் டீசல் எரித்துக்கொண்டு, பம்ப்பும் மெதுவாகச் சுற்றிக்கொண்டு இருக்கும். ஆக கியரில் இறங்கினால்தான் எஞ்சின் சீக்கிரம் ஆறும். எஞ்சினை விடு, நியூட்ரலில் மொத்த எடையையும் பிரேக் டிரம் மட்டுமே தாங்க வேண்டும், அது சூடேறிவிட்டால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் இறக்கத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று உனக்கே தெரியும். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதைப் பயன்படுத்து.

கேள்வி: ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றலாமா? கூலன்ட் விலை கட்டுப்படியாகவில்லை. நம் ஊரில் பனியா கொட்டுகிறது, கூலன்ட் எதற்கு? (வாசகர், ஓமலூர்)

பதில்: வழியில் தண்ணீர் போய்விட்டால் கிடைத்ததை ஊற்றி வீடு வந்து சேருங்கள், அதில் தப்பில்லை, எஞ்சின் ஆறிய பிறகு மெதுவாக ஊற்றுங்கள், சூட்டில் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். ஆனால் அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று வீட்டு ஹீட்டர் கம்பியைப் பார்த்தாலே தெரியும், அந்த வெள்ளைப் படலம்தான் ஸ்லீவைச் சுற்றியும் ரேடியேட்டர் டியூபுக்குள்ளும் படிகிறது. ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே வெப்பம் தண்ணீருக்கு இறங்குவது தடுமாறும். ஊசி தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும், உள்ளே ஸ்லீவ் எவ்வளவு காய்கிறது என்று அது சொல்லாது.

கூலன்ட் பனிக்கு மட்டும் இல்லை. நிறைய லாரி எஞ்சின்களில் ஸ்லீவின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரில் நிற்கிறது. பிஸ்டன் இடமும் வலமும் தட்டும்போது ஸ்லீவ் அதிர்ந்து, அதன் வெளிப்பக்கத்தில் நுண்ணிய குமிழிகள் உருவாகி வெடிக்கும். வெடித்து வெடித்து இரும்பில் குண்டூசித் துளை மாதிரிக் குழி விழும், ஒரு நாள் அது உள்ளே வரை துளைத்து ஆயிலில் தண்ணீர் இறங்கிவிடும். டீசல் லாரிக்கென்று வரும் கூலன்டில் இதைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, கார் கூலன்டில் எல்லாவற்றிலும் இருக்காது, டப்பாவைப் படித்து வாங்குங்கள். டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்தால் போதும். நிறம் ஒன்றாக இருக்கிறது என்று இரண்டு கம்பெனி கூலன்டைக் கலக்காதீர்கள், சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும்.

உப்புப் படிந்த பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைக் கழற்றி டியூப் டியூபாகக் கம்பி விட்டு எடுக்கிறவர்கள் சேலத்தில் இன்னும் இருக்கிறார்கள், அது நல்ல வேலை. அலுமினிய ரேடியேட்டருக்குள் காஸ்டிக் சோடா ஊற்றிக் கழுவச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அலுமினியத்தையே தின்றுவிடும்.

கேள்வி: என் பழைய லாரியில் இரவில் ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் ஊசி ஏறுகிறது, அணைத்ததும் இறங்குகிறது. ஹீட்டா இல்லையா? (வாசகர், ஆத்தூர்)

பதில்: ஹீட் இல்லை, எர்த் கோளாறு. லைட் போட்டதும் எஞ்சின் சூடு ஒரு நொடியில் ஏறாது. மீட்டர் போர்டுக்கு வரும் எர்த் ஒயரையும், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் எர்த் பட்டையையும் கழற்றி, துருவைச் சுரண்டி இறுக்கிப் போடுங்கள். இதற்கு நேர்மாறான ஒன்றுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்: ஏற்றத்தில் ஊசி ஏறிக்கொண்டே வந்து திடீரென்று தானாகக் கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறைந்து, சென்சார் முனை தண்ணீரில் இல்லாமல் ஆவியில் நிற்கும்போதும் ஊசி அப்படித்தான் விழும். அந்த நிமிஷமே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.